கடல் மாடலிங் என்பது வெறும் ஊகமா?

"கோஸ்டல் மாடலிங் செய்பவர்கள் கப்பலே ஏறாமல் பேராசிரியர் ஆகிவிடுகிறார்கள், சாட்டிலைட் இருக்கும்போது மாடல் எதற்கு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோஸ்டல் மாடலிங் என்றால் கரையோரக் கடலில் நடப்பதைச் சமன்பாடுகளாக்கிக் கணினியில் கணக்கிடுவது. பாதி நாள் கணினி முன்னால்தான் போகும், அது சரி. மீதி தவறு.

கடலின் நிறத்தைப் படிக்கும் சாட்டிலைட்டுக்கு மேல்நீர் மட்டும்தான் தெரியும். ஆற்று வண்டல் கலந்த கரையோரத்தில் சில மீட்டர்கூடத் தெரியாது, மேகம் வந்தால் அதுவும் போச்சு. மிதவைப்பாசி, அதாவது நீரில் மிதக்கும் நுண்ணிய பாசி, பல இடங்களில் பல மீட்டர் ஆழத்தில்தான் அடர்ந்திருக்கும். அடியில் ஆக்சிஜன் குறைவதும் மேலிருந்து தெரியாது. நீரோட்டம், உப்புத்தன்மை, நைட்ரேட், பாசி, அதைத் தின்னும் மிதக்கும் சின்ன விலங்குகள் என எல்லாவற்றையும் ஒன்றாகக் கணக்கிட மாடல்தான் வேண்டும்.

அந்த மாடலைச் சோதிப்பதோ கப்பலிலிருந்து இறக்கும், உப்புத்தன்மை, வெப்பநிலை, ஆழம் மூன்றையும் அளக்கும் சிடிடி கருவியின் அளவீடுகளை வைத்துத்தான். ஆற்றுநீர் மாடலில் கரையோடு ஒட்டிப் போய், அளவீட்டில் வெளிக்கடல் பக்கம் விரிந்திருந்தால், காற்றுத் தரவையும் நீர் கலக்கும் விதத்தின் கணக்கையும் மறுபடி கிளற வேண்டியதுதான். இதிலேயே மாதங்கள் ஓடிவிடும்.

அப்புறம், இது கணினியோடு வந்த துறையும் அல்ல. அமெரிக்கக் கடலியலாளர் கோர்டன் ரைலி 1946இல், அமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள ஜார்ஜஸ் பேங்க் என்ற ஆழம் குறைந்த கடல் பகுதியின் பாசிக்குச் சமன்பாடு எழுதியது கப்பலில் சேர்த்த தரவை வைத்துத்தான்.