"ஜெபித்தேன்" என்ற வரிக்குக் கீழே சிவப்பு மை

சமூகப் பணி இளங்கலைப் படிப்பான பி.எஸ்.டபிள்யூ.வின் இரண்டாம் வருடத்தில் நான் எழுதிய ஃபீல்டு ஒர்க் ரிப்போர்ட் ஒன்றை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். படித்தது ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில். வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு கிடையாது, களப்பணிதான். எனக்குக் கொடுத்திருந்த ஊரில் தனியாக இருந்த ஒரு பாட்டியைப் பார்த்துவிட்டு வந்து இப்படி எழுதியிருந்தேன்: "பாட்டி மனம் விட்டு அழுதார்கள். ஆறுதல் சொன்னேன். பழம் வாங்கிக் கொடுத்தேன். அவர்களுக்காக ஜெபித்தேன்." மேடம் அந்த வரிகளின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதியிருந்தார்: "ஓ.ஏ.பி. வருகிறதா?"

ஓ.ஏ.பி. என்றால் முதியோர் உதவித்தொகை. வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவே தோன்றவில்லை.

அடுத்த வாரம் போய்க் கேட்டேன். முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுத்திருக்கிறார், மகன் இருக்கிறான் என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். மகன் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போனவன், ஊருக்கு வந்தே மூன்று வருடம் ஆகிறது. சரி, நானே மறுபடி மனு எழுதித் தருகிறேன் என்று கிளம்பினால் மேடம் அதற்கும் விடவில்லை. "நீ எழுதிக் குடுத்துட்டு மார்ச்சுல போயிடுவ. அப்புறம் அவங்க யாரைத் தேடுவாங்க? பக்கத்து வீட்டுல பிளஸ் டூ படிக்கிற பொண்ணு இருக்குன்னு சொன்னியே, அதை எழுதச் சொல்லு. நீ கூட உட்காரு." வி.ஏ.ஓ.வைப் பார்க்க இரண்டு தடவை, தாலுகா ஆபீஸுக்கு நான்கு தடவை அலைந்தோம். பணம் வர ஏழு மாதம் ஆனது. அதற்குள் அந்தத் தெருவில் இன்னும் மூன்று பேர் மனு போட்டிருந்தார்கள். எல்லாம் அந்தப் பெண் எழுதியது.

பிளஸ் டூ ரிசல்ட் வரும்போதெல்லாம் தெரிந்தவர்கள் கேட்கிறார்கள்: "சமூக சேவை செய்ய டிகிரி எதுக்கு? நல்ல மனசு போதாதா?" நல்ல மனசு எனக்கு ஞாயிறு பள்ளியிலேயே கிடைத்துவிட்டது. பழம் வாங்கிப் போகச் சொன்னது அந்த மனசுதான். மேடம் கேட்ட அந்தக் கேள்விதான் என்னிடம் இல்லை. அதற்குத்தான் மூன்று வருடம் படிக்க வேண்டியிருந்தது.

கிறிஸ்தவக் கல்லூரிகள் இந்தப் படிப்பை நடத்துவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்தியாவின் முதல் சமூகப் பணிக் கல்வி நிலையம் 1936இல் பம்பாயில் தொடங்கியது. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். அதன் முதல் இயக்குநர் கிளிஃபோர்ட் மான்ஷார்ட், பம்பாயின் நாக்பாடாவில் தொழிலாளர் குடும்பங்களுக்கு நடுவே வேலை செய்த அமெரிக்க மிஷனரி. அவருக்கு அடுத்து வந்தவர் ஜே.எம். குமரப்பா, நம் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவின் அண்ணன், தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. தனிநபர்களுக்கு உதவும் முறையைச் சொல்லும் கேஸ் ஒர்க் பாடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்யும் ஏழு கோட்பாடுகளை 1957இல் வகுத்த ஃபீலிக்ஸ் பீஸ்டெக்கும் ஒரு இயேசு சபைக் குருவானவர். தன்னிடம் வருபவரைத் தீர்ப்பிடாதே, முடிவை அவரே எடுக்கட்டும் என்று அதில் இருக்கிறது. மக்களின் பாவ அறிக்கையான பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கும் குருவானவர் ஒருவர் இதை எழுதினார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஆனால் மத ஊழியம் வேறு, சமூகப் பணி வேறு. இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டிய கடமை மற்ற கல்லூரிகளைவிடக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு அதிகம். கழுத்தில் கல்லூரி ஐடி கார்டோடு ஊருக்குள் போனாலே, "மதம் மாத்த வந்திருக்கீங்களா?" என்று கேட்பார்கள். என்னைக் கேட்டிருக்கிறார்கள். கோபப்பட்டுப் பயனில்லை, அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. எங்கள் துறையில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவார்கள்: ஜெபம் உன் அறையில், களத்தில் வேண்டாம். என் வகுப்பில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள், நான்கு முஸ்லிம் பிள்ளைகள். எல்லோரும் ஒரே கேம்ப்பில் ஒரே பாயில் தூங்கினோம். இந்தக் கட்டுப்பாட்டால் என் விசுவாசம் குறையவில்லை. பாட்டியின் வீட்டில் நான் ஜெபித்தது அவருக்காகவா, எனக்காகவா என்று கேட்டுக்கொள்ளக் கற்றேன்.

இப்போது நான் எதிர்ப்பக்கம் இருக்கிறேன். களப்பணிக்கு மாணவர்கள் வரும் ஒரு தொண்டு நிறுவனத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. வருத்தத்தோடு சொல்கிறேன், பல கல்லூரிகளில் அந்தச் சிவப்பு மை காய்ந்துவிட்டது. ஒரு ஆசிரியருக்கு முப்பது மாணவர்கள் என்றால் யாரை உட்கார வைத்துத் தனியாகப் பேசுவது? ஐ.சி. என்று நாங்கள் சொல்லும் அந்தத் தனிச் சந்திப்புதான் இந்தப் படிப்பின் உயிர். அது இல்லாத இடத்தில் போன வருட சீனியரின் ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதுகிறார்கள், மேலே ஒரு டிக் விழுகிறது. கிராம முகாம் என்பது பேனர், மரக்கன்று, போட்டோ என்று மூன்று நாளில் முடிந்துவிடுகிறது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பஸ் காசுக்காக ராத்திரி கடையில் நின்றுவிட்டுக் காலையில் களத்துக்கு வருகிறவர்களை எனக்குத் தெரியும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் அவர்கள். நாம் கேட்காத கேள்வியை அவர்கள் எங்கே போய்க் கற்பார்கள்?

வேலையைப் பற்றியும் பெற்றோரிடம் மறைக்கக் கூடாது. பி.எஸ்.டபிள்யூ. மட்டும் படித்தால் சம்பளம் குறைவுதான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன்படி மனநலச் சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ள முதுகலையும் எம்.ஃபிலும், அல்லது விதிகள் ஏற்கும் வேறு தகுதியும் வேண்டும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், சிறார் வழக்குகளை விசாரிக்கும் ஒவ்வொரு இளைஞர் நீதிக் குழுமத்திலும் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்கார வேண்டும் என்கிறது. அதற்குக் குழந்தைகளின் உடல்நலம், கல்வி, நலப் பணிகளில் ஏழு வருட அனுபவம் வேண்டும், இல்லையென்றால் குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் ஒரு பட்டம் பெற்றுத் தொழில் செய்பவராக இருக்க வேண்டும். பெயர் சமூகப் பணியாளர், ஆனால் சமூகப் பணிப் பட்டம் அந்தப் பட்டியலில் இல்லை! வக்கீலுக்கும் நர்ஸுக்கும் இருப்பதுபோல இந்தத் தொழில் முழுமைக்குமான தேசியக் கவுன்சில் எங்களுக்கு இன்றுவரை இல்லை. கல்லூரி நிர்வாகங்களும் திருச்சபைகளும் குரல் கொடுக்க வேண்டிய இடம் இது.

இதை வாசிக்கும் துறைத் தலைவர்களிடம் ஒரு கோரிக்கை. புதுப் பாடத்திட்டத்தில் எதை வேண்டுமானாலும் சேருங்கள், களப்பணி நாளில் கை வைக்காதீர்கள். மாதம் ஒரு தடவையாவது உங்கள் ஆசிரியரை எங்கள் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். சேர்ந்து உட்கார்ந்து அந்த ரிப்போர்ட்டுகளை வாசிப்போம். போன வியாழக்கிழமை ஒரு மாணவி கொண்டு வந்த ரிப்போர்ட்டில், "அந்த அக்காவுக்கு ஆறுதல் கூறினேன்" என்று முடித்திருந்தாள். நான் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்: "ரேஷன் கார்டு யார் பெயரில் இருக்கிறது?"