கோப்பை வந்தது, கவலை போகவில்லை

பீகாரின் ராஜ்கிரில் ஆசியக் கோப்பையை வென்றதோடு இந்திய ஹாக்கி அணியின் பிரச்சினைகள் தீர்ந்துவிட்டதாகக் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவ்வளவு நிம்மதி வரவில்லை.

2025 ஜூன் மாதத்தை மறக்க முடியுமா? உலகின் முன்னணி அணிகள் மோதும் புரோ லீக்கின் ஐரோப்பியச் சுற்றில் தொடர்ந்து 7 தோல்வி. அதில் 6 ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில்! 3-6 என்று பெல்ஜியத்திடம் உதை வாங்கியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கைக்கு எட்டிய ஆட்டங்களை நழுவவிட்டதுதான் தூங்கவிடவில்லை. கடைசி ஆட்டத்தில் அதே பெல்ஜியத்தை 4-3 என்று வென்றோம், சரி. ஆனாலும் 9 அணிகளில் 8-வது இடம்தான். நமக்குக் கீழே இருந்த அயர்லாந்து லீக்கிலிருந்தே கீழிறக்கப்பட்டது.

அப்புறம் செப்டம்பரில் ஆசியக் கோப்பை இறுதிப்போட்டி. முதல் நிமிடத்திலேயே சுக்ஜீத் கோல் அடித்தபோது நான் நாற்காலியில் இல்லை. தில்ப்ரீத் இரண்டு, ரோஹிதாஸ் ஒன்று, கொரியா 4-1 என்று அடங்கியது. உலகக் கோப்பைக்கும் நேரடித் தகுதி. சந்தோஷம்தான். ஆனால் இதே தொடரில் சீனாவுடனான முதல் ஆட்டத்தில் 3 கோல் வாங்கித் திணறி 4-3 என்றுதானே தப்பித்தோம்?

கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்ற பிறகு கோல் முன்னால் அந்தச் சத்தமே கேட்பதில்லை. அவர் பந்தைத் தடுத்தது பாதி, தடுப்பாட்டக்காரர்களைத் திட்டி ஒழுங்குபடுத்தியது மீதி. 2026 உலகக் கோப்பை நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும். அந்த 7 தோல்விகளும் அதே நாடுகளில்தான் நடந்தன.