ஈ ஓட்டிய கூட்டம்

சும்மா உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து "என்னப்பா, ஈ ஓட்டுறியா?" என்று கேட்போம். எம்.எஸ்சி. படித்தபோது நான் நிஜமாகவே அதைத்தான் செய்தேன். ஈதர் வாடை. நுண்ணோக்கியின் கீழே மயங்கிக் கிடக்கும் பழ ஈக்கள். ஆண், பெண், சிவப்புக் கண், வெள்ளைக் கண் என்று தூரிகை நுனியால் பிரித்து எண்ண வேண்டும். நூறைத் தாண்டும்போது முதலில் எண்ணியது எழுந்து பறந்துவிடும். எப்படியோ பாஸானேன், அதோடு சரி.

அந்த வேலையை ஆசை ஆசையாய்ச் செய்தவர்கள் நியூயார்க்கில் இருந்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரபியல் ஆய்வாளர் தாமஸ் ஹன்ட் மார்கனின் 'ஈ அறை'. சின்ன அறை, எட்டு மேசை, எங்கு பார்த்தாலும் பால் புட்டி, வாழைப்பழ நாற்றம். புட்டி கழுவ வந்த கால்வின் பிரிட்ஜஸ், புட்டியின் தடித்த கண்ணாடி வழியாகவே ஓர் ஈயின் கண் நிறம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். ஸ்டர்டிவன்ட் என்ற மாணவர் 1911இல் ஒருநாள் எண்ணிக்கைத் தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போனார். வீட்டுப்பாடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்தார். சேர்ந்தே வரும் இரண்டு குணங்கள் அடுத்த தலைமுறையில் அடிக்கடி பிரிந்தால், அவற்றின் மரபணுக்கள் குரோமோசோமில் தள்ளித் தள்ளி இருக்கின்றன என்பது அவர் கணக்கு. விடிவதற்குள் உலகின் முதல் மரபணு வரைபடம் தயார்.

இதைச் சொன்னால் எல்லாரும் ஸ்டர்டிவன்ட்டின் ஆர்வத்தை மெச்சுவார்கள். எனக்கு அந்தத் தாள்கள்தான் முக்கியம். அடுத்தவர் எண்ணியதை அள்ளிக்கொண்டு போக ஒரு மாணவரால் முடிந்ததே, அதைச் சொல்கிறேன். இந்தப் பகிர்தலில் மனக்கசப்பும் இல்லாமல் இல்லை. தன் யோசனைகளுக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்ற வருத்தம் அங்கே வேலை செய்த முல்லருக்குக் கடைசிவரை இருந்தது. அதை வெறும் பொறாமை என்று நான் ஒதுக்க மாட்டேன். 'எல்லாம் நம்முடையது' என்று சொல்வது ஏற்கெனவே பெயர் வாங்கியவருக்குச் சுலபம்.

ஆனாலும் மார்கன் வாயோடு நிற்கவில்லை. 1933இல் நோபல் பரிசு வந்தபோது, பணத்தைத் தன் பிள்ளைகளோடு பிரிட்ஜஸ், ஸ்டர்டிவன்ட் பிள்ளைகளுக்கும் பங்கு போட்டார். ஈ வேண்டும் என்று எந்த ஆய்வகம் எழுதினாலும் காசு வாங்காமல் அனுப்பினார்கள். யாரிடம் எந்த வகை ஈ இருக்கிறது என்று பட்டியல் போட்டு 1934இல் ஒரு செய்தி மடலே தொடங்கினார்கள்.

நான் படித்த இடத்தில் பக்கத்து ஆய்வகத்தில் ஒரு புட்டி வெள்ளைக் கண் ஈ கேட்டோம். துறைத் தலைவர் கையெழுத்தோடு கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். கையெழுத்து கிடைப்பதற்குள் செமஸ்டர் முடிந்துவிட்டது.