யாகர் ரஷ்யாவுக்குப் போனதால் என்ன குறைந்துவிட்டது?

ஐஸ் ஹாக்கி ரசிகர்களிடம் யரோமிர் யாகர் பேரை எடுத்தால் போதும், யாராவது ஒருவர் கணக்குப் போட உட்கார்ந்துவிடுவார். 2008-இல் வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீகான என்ஹெச்எல்லை விட்டுவிட்டு ரஷ்யாவின் ஓம்ஸ்க் அணிக்குப் போய் மூன்று சீசன் ஆடினார் அல்லவா, போகாமல் இருந்திருந்தால் 2,000 புள்ளிகளை (கோல் அடித்தாலும், கோலுக்கு உதவினாலும் தலா ஒரு புள்ளி) தாண்டியிருப்பார், பழைய ஜாம்பவான் கார்டி ஹோவின் 801 கோலையும் தாண்டியிருப்பார் என்று. என்ஹெச்எல்லில் அவர் முடித்தது 1,921 புள்ளி, 766 கோல். சரி, தாண்டியிருக்கலாம். அதனால் என்ன?

இளம் வயது யாகரைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. 18 வயதில் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து பிட்ஸ்பர்க் வந்தார், 1991, 1992 இரண்டு வருடமும் என்ஹெச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை, அப்புறம் அதிகப் புள்ளிகளுக்கான ஆர்ட் ராஸ் விருது ஐந்து முறை. பெரிய உடம்பு, அசாத்திய வேகம். அவரைத் தடுக்க யாரிடமும் வழி இல்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தவர் வேகம் போன பிறகு ஆடிய யாகர். 39 வயதில் திரும்பி வந்தார். அதன் பிறகு 460 ஆட்டம், 120 கோல். பல முன்கள வீரர்களுக்கு மொத்த வாழ்க்கையிலும் இவ்வளவு கிடைப்பதில்லை.

ஃப்ளோரிடா அணிக்கு ஆடிய காலத்து வீடியோக்களைப் பாருங்கள். மைதானத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவர் ஓரமாக பக்கை, அதாவது பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை, வாங்குவார். ஓட மாட்டார். முழங்காலை மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, தடுக்க வருபவருக்கு முதுகைக் காட்டி நிற்பார். பக் அந்தப் பக்கம், நீட்டிய மட்டையின் நுனியில் இருக்கும். தடுப்பாட்டக்காரர் சுற்றி வந்துதான் எடுக்க வேண்டும். மட்டையால் கொக்கி போட்டு இழுத்தால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டியதுதான். ஒரு வீரர் பனியில் இறங்கினால் முக்கால் நிமிடத்தில் மூச்சு வாங்கி மாறிவிடும் ஆட்டத்தில், அவர் இப்படிப் பிடித்து வைக்கும் நாலைந்து விநாடி பெரிய சொத்து. அதற்குள் அணியின் இளைஞர்களான பார்கோவோ ஹூபர்டோவோ கோல் வாசலுக்குப் போயிருப்பார்கள். யாகர் இரண்டாவது கோப்பையை வென்றபோது இவர்கள் இருவரும் பிறக்கவே இல்லை! அந்த 2015-16 சீசனில் யாகருக்கு 44 வயதானது. 66 புள்ளிகளோடு அணியில் முதலிடம் அவருக்குத்தான்.

இது தானாக வந்ததும் இல்லை. இராத்திரியில் எடை கட்டிய உடுப்போடு தனியாகப் பயிற்சி செய்வார் என்பது ஊரறிந்த கதை. (திரும்பி வந்தபோது பழைய அணியை விட்டு ஃபிலடெல்ஃபியாவில் சேர்ந்தார் என்று பிட்ஸ்பர்க் ரசிகர்கள் கூச்சல் போட்டதெல்லாம் தனிக் கதை. 2024-இல் அதே ஊர் அவருடைய 68-ஆம் எண்ணை இனி வேறு யாரும் அணியக் கூடாது என்று ஓய்வு கொடுத்துக் கொண்டாடியது.)

என் சந்தேகம் இதுதான்: ரஷ்ய லீகில் சீசனுக்கு ஆட்டங்கள் குறைவு. அங்கே மிச்சமான உடம்புதான் பிறகு என்ஹெச்எல்லில் 45 வயது வரை தாங்கியதோ? அமெரிக்காவிலேயே இருந்து, சீசனுக்கு 82 ஆட்டம் என்று அடிபட்டு, 40 வயதில் ஓய்வு பெற்றிருந்தால் அந்த 2,000 வந்திருக்குமா? நிரூபிக்க முடியாதுதான். ஆனால் ‘போகாமல் இருந்திருந்தால்’ கணக்கையும் நிரூபிக்க முடியாதே!