பாட்டியின் வலிக்கு என்னிடம் ஒரே சொல்தான் இருந்தது

பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் அந்த அம்மாவிடம் "உங்கள் மொழியை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னவருக்காக இன்னும் வரிந்துகட்டிக்கொண்டு எழுதுகிறீர்கள். நான்கு நாளாகப் படித்துப் படித்து மனம் கசந்துவிட்டது. அந்த அம்மா சத்தம் போட்டாரா? யாரையாவது இடைமறித்தாரா? பேரனைப் பற்றி ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று தன் மொழியில் மருமகளின் காதோடு கேட்டார். அவ்வளவுதான்.

"வந்த இடத்தின் மொழியைக் கற்க வேண்டாமா?" கற்க வேண்டும். நூறு முறை சொல்கிறேன், கற்க வேண்டும். கனடா 1971இல் பன்மைப் பண்பாட்டை, அதாவது பல பண்பாட்டினரும் தத்தம் அடையாளத்தோடு சேர்ந்து வாழ்வதை, அரசின் கொள்கையாக அறிவித்தபோதே, குடியேறி வருபவர்கள் ஆங்கிலமோ பிரெஞ்சோ கற்க அரசு உதவும் என்பதும் அதில் இருந்தது. கற்றுக்கொடுப்பது வேறு, வாயை மூடச் சொல்வது வேறு.

ஜெர்மனியில் பன்மைப் பண்பாடு தோற்றுவிட்டது என்று 2010இல் அந்நாட்டின் அப்போதைய அரசுத் தலைவர் மெர்க்கெல் பேசியதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 1961இல் ஒப்பந்தம் போட்டுத் துருக்கியிலிருந்து தொழிலாளர்களை அழைத்தார்கள். "விருந்தாளித் தொழிலாளர்" என்றே பெயர். வேலை முடிந்தால் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தார்கள். அந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே குடியுரிமை கிடைக்க வழி வந்தது 2000இல்தான், அதுவும் நிபந்தனைகளோடு. நாற்பது ஆண்டு வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு, ஒட்டவில்லை என்றால் எப்படி ஒட்டும்?

அமெரிக்க அரசியல் அறிஞர் புட்னமின் 2007 ஆய்வை அனுப்பியவருக்கு: படித்திருக்கிறேன். அமெரிக்காவில் பல இனத்தவர் கலந்து வாழும் பகுதிகளில் மக்களிடையே நம்பிக்கை குறைந்திருக்கிறது என்கிறார். மறுக்கவில்லை. ஆனால் காலப்போக்கில் விரிந்த ஒரு "நாம்" உருவாக முடியும் என்று அதே கட்டுரையில் எழுதியிருக்கிறாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பழகிய தெரு மாறிப்போவதில் பெரும்பான்மையினருக்கும் வருத்தம் உண்டு என்கிறீர்கள். இருக்கலாம். அதை இன்னொரு நாள் பேசலாம். இன்று என்னால் முடியாது.

ஒன்பது வயதில் மருத்துவமனையில் பாட்டிக்கும் மருத்துவருக்கும் நடுவில் நின்றவன் நான். மருத்துவரின் மொழி எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் கொஞ்சம் வரும். "குடைகிறது" என்றார் பாட்டி. பிறகு, "இல்லையப்பா, சுருக்சுருக்கென்று குத்துகிறது" என்றார். எனக்குத் தெரிந்தது "வலி" என்ற ஒரே சொல். இரண்டு முறையும் "வலிக்கிறதாம்" என்றேன். மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியைப் பாட்டியிடம் சொல்லவில்லை. "ஒன்றுமில்லையாம்" என்றேன். பாட்டி என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

மொழிபெயர்ப்பாளர் கேட்பது சலுகையாம்! ஒரு குழந்தை அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று கேட்பது சலுகையா? சொல்லுங்கள்.

அன்று கூட்டம் முடியும்வரை அந்த அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இரண்டு நாற்காலி தள்ளித்தான் நான் இருந்தேன். நானும் ஒன்றும் பேசவில்லை.