கம்பெனி பட்டம் தர முடியாது

"யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதியோடு, பல்கலைக்கழகத்துடன் இணைந்து எங்கள் நிறுவனமே ஆன்லைன் பட்டம் தருகிறது" என்ற வாட்ஸ்அப் விளம்பரம் இப்போது பிளஸ் டூ பெற்றோர் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

1956-ஆம் ஆண்டு யுஜிசி சட்டத்தின் 22-வது பிரிவின்படி, பட்டம் தரும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அனுமதித்த கல்வி நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. அரசுப் பல்கலைக்கழகமே ஆனாலும் ஆன்லைன் படிப்பை வெளிநிறுவனத்துக்கு ஃபிரான்சைஸ் (தன் பெயரில் படிப்பை நடத்தும் உரிமை) கொடுக்க முடியாது. யுஜிசியின் 2020 தொலைநிலை, ஆன்லைன் கல்வி விதிமுறைகள் அதைத் தடுக்கின்றன. 2022 ஜனவரியில் எட்டெக் (ஆன்லைன் கல்வி) கம்பெனிகளின் விளம்பரங்களைக் குறிப்பிட்டே யுஜிசி எச்சரிக்கை அறிவிப்பும் வெளியிட்டது.

இதைப் படித்துவிட்டு ஆன்லைன் பட்டமே செல்லாது என்று பயந்துவிட வேண்டாம். அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் நேரடியாகத் தரும் ஆன்லைன் பட்டம், கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டத்துக்கு இணையானது. ஆனால் பிஎச்.டி.யை ஆன்லைனில் படிக்க அனுமதியே இல்லை.

"இன்னைக்கே கட்டினா பத்தாயிரம் தள்ளுபடி" என்று போனில் அவசரப்படுத்துவார்கள். கூலி வேலை பார்த்துச் சேர்த்த பணம், தயவுசெய்து நிதானியுங்கள். ரசீதைப் பல்கலைக்கழகம் தருகிறதா, கம்பெனி தருகிறதா என்று கேளுங்கள். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகமும் அதே படிப்பும் இந்தக் கல்வியாண்டுக்கு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.