கையொப்பத்துக்காகக் கடிதம் வாங்குகிறவர்களுக்கு

பிரபலங்கள் கைப்பட எழுதிய பழைய கடிதங்களைச் சேகரிப்பவர்களில், கடிதத்தைப் படிக்காமலே சட்டம் போட்டு மாட்டுகிற ஒரு கூட்டம் உண்டு. அவர்களுக்கு அடியில் இருக்கும் கையொப்பம் போதும். எனக்கு இவர்களோடு ஒத்தே வராது.

இந்த மோகம் செய்த அநியாயத்தைக் கேளுங்கள். ஜார்ஜ் வாஷிங்டன் முதல் பதவியேற்புக்காகத் தயாரித்து, பிறகு பேசாமல் விட்ட நீண்ட உரையின் வரைவு ஒன்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. அவருடைய ஆவணங்களைப் பதிப்பித்த ஜேரட் ஸ்பார்க்ஸ் அதைத் துண்டு துண்டாக வெட்டி, வாஷிங்டன் கையெழுத்து வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். பின்னாளில் ஹார்வர்டுக்கே தலைவரான மனிதர்! அந்த உரை இன்றுவரை முழுசாகச் சேரவில்லை.

சரி, அப்படி ஆசைப்பட்ட கையொப்பமாவது அந்தப் பிரபலமே போட்டதுதானா? கென்னடி பெயரில் போன எத்தனையோ கடிதங்களில் செயலாளர்கள் போட்டதும் உண்டு, பேனா பிடித்த இயந்திரம் போட்டதும் உண்டு. இன்னொரு அமெரிக்க அதிபரான ஜெஃபர்சன் கதை வேறு. இரண்டு பேனாவை இணைத்த கருவியில் அவர் எழுத எழுதப் பிரதியும் கூடவே தயாராகும், அதில் எது அசல் என்று கேட்டால் நான் தலையைச் சொறிவேன்.

ஆகவே கடிதத்தின் உடம்பைப் பாருங்கள். கையொப்பத்தை மட்டும் பழகிக்கொண்டு போடுவது சுலபம், இரண்டு பக்கத்துக்கு இன்னொருவர் கையெழுத்தில் எழுதுவது கஷ்டம். போலி எழுதுகிறவர் எழுதுவதில்லை, வரைகிறார். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோட்டில் நடுக்கமும், தேவையில்லாத இடத்தில் பேனாவை எடுத்து வைத்த தடமும் தெரியும். மடிப்பையும் பாருங்கள். மடிப்பில் நார் கிழிந்த இடத்துக்குள் மை ஊறிப் பரவியிருந்தால், தாள் மடிந்து பழசான பிறகு யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஆனால் ஒரே ஒரு கையெழுத்து மாதிரியை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. காந்தி வலது கை வலித்தால் இடது கையால் எழுதுவார், 1909இல் கப்பலில் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதியபோதும் அப்படித்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள் ஐயா. பிரெஞ்சுக் கணித மேதை மிஷேல் ஷால் ஆயிரக்கணக்கில் போலிக் கடிதங்களை வாங்கிக் குவித்தார், அதில் கிளியோபாட்ரா சீசருக்கு எழுதியதும் உண்டு, அதுவும் பிரெஞ்சு மொழியில்! விற்ற வ்ரேன்-லூக்கா 1870இல் சிறைக்குப் போனார். ஷால் கணக்கில் புலி, ஆனால் நியூட்டனுக்கு முன்பே பாஸ்கல் ஈர்ப்பு விசையைக் கண்டுபிடித்ததாகச் சொன்ன கடிதங்கள் அவர் கண்ணை மறைத்துவிட்டன.

என்னைக் கேட்டால், பெரிய பெயரின் வெட்டிய கையொப்பத்தைவிட, அதிகம் பேசப்படாத ஒருவர் கடன் கேட்டோ மருமகனைத் திட்டியோ எழுதிய முழுக் கடிதம் மேல். வாங்கினால் லேமினேட் செய்யாதீர்கள், வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அதிலுள்ள அஞ்சல் முத்திரைதான் பல நேரம் தேதியைச் சொல்லும். அப்புறம், தாள் உங்களுடையதானாலும் அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை பொதுவாக எழுதியவருக்கோ வாரிசுகளுக்கோதான், அதன் காலம் முடியும்வரை. புத்தகமாகப் போடக் கிளம்புவதற்கு முன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.